அம்மாவின் வளையலை அடகு வைக்கும் முன்

கேள்வி: டாக்டர், என் அம்மாவுக்கு 61 வயது. தாராவி தொண்ணூறு அடி ரோட்டுப் பக்கம் முப்பது வருடமாக இட்லி வியாபாரம். விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்தால் பத்து மணி வரை ஓயாத வேலை. எடை 76 கிலோ, சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறார். மூன்று வருடமாக இரண்டு முழங்காலிலும் வலி. கீழே உட்கார்ந்தால் எழுந்திருக்க ஆள் பிடிக்க வேண்டும், ஸ்டேஷன் பாலத்தில் இறங்கும்போது அழுதுவிடுகிறார். எக்ஸ்ரேயில் தேய்மானம் மூன்றாம் கிரேடு (நான்கில் மூன்று) என்றார்கள். ஒரு கிளினிக்கில், வயிற்றுக் கொழுப்பிலிருந்து ஸ்டெம் செல் (வேறு திசுவாக மாறக்கூடிய மூலச் செல்) பிரித்து இரண்டு முழங்காலிலும் ஊசியாகப் போட்டால் குருத்தெலும்பு மறுபடி வளரும், ஆபரேஷனே தேவைப்படாது என்கிறார்கள். 2,40,000 ரூபாய், இந்த மாதத்துக்குள் கட்டினால் 1,90,000. "உங்க சொந்த செல்தான், பக்கவிளைவே கிடையாது" என்று சொன்னதில் அம்மாவுக்கு நம்பிக்கை வந்துவிட்டது. பக்கத்துச் சாலில் (வரிசைவீட்டுக் குடியிருப்பில்) ஒரு அக்காவுக்கு அங்கே போட்டு நன்றாகிவிட்டதாம். அம்மா தன் நான்கு வளையலையும் அடகு வைக்கத் தயாராகிவிட்டார். நம்ம உடம்புச் செல்தானே, கெடுதல் என்ன வந்துவிடும் என்கிறார். போடலாமா? (பெயர் வெளியிட வேண்டாம் எனக் கேட்ட வாசகி, செம்பூர், மும்பை)

பதில்: அன்புள்ள சகோதரி, முதலில் உங்கள் கேள்விக்கு நேரான பதில். அந்த ஊசிக்காக வளையலை அடகு வைக்க வேண்டாம். இந்த மாதத்துக்குள் என்று அவர்கள் வைத்த கெடுவையும் மறந்துவிடுங்கள். மூட்டுத் தேய்மானம் பல வருடம் எடுத்து வந்த நோய்; முப்பது நாளில் முடிவெடுக்க வேண்டிய அவசரம் அதில் எதுவும் இல்லை. அவசரம் இருப்பது விற்பவருக்குத்தான்.

"நம்ம உடம்புச் செல்தானே" என்று அம்மா சொன்னதைப் படித்ததும் சிறிது நேரம் யோசித்துக்கொண்டிருந்தேன். என் முன்னால் உட்கார்ந்து இதே வார்த்தையைச் சொன்னவர்கள் நிறையப் பேர். மாத்திரை என்றால் பயம், கத்தி என்றால் அதைவிடப் பயம், தன் உடம்பிலிருந்தே எடுப்பது என்றால் பயம் விட்டுப்போகிறது. அந்த நிம்மதி எனக்குப் புரிகிறது. ஆனால் சொந்தச் செல் என்றால் உடம்பு அதை வெளியாள் என்று எதிர்க்காது, அவ்வளவுதான். போய்ச் சேர்ந்த இடத்தில் அது என்ன வேலை செய்யும் என்பது தனிக் கேள்வி. கிளினிக்கில் முதல் விஷயத்தைச் சொல்லிவிட்டு, இரண்டாவதுக்கும் அதுவே பதில் என்று விட்டுவிட்டார்கள்.

முழங்காலுக்குள் என்ன நடக்கிறது என்று கொஞ்சம் விளக்குகிறேன். கையில் கத்தி பட்டால் ஒரு வாரத்தில் ஆறிவிடுகிறது. ரத்தம் அங்கே வந்து உறைந்து, தேவையான செல்களையும் சத்தையும் கொண்டுவந்து கொட்டுவதால்தான் அது ஆறுகிறது. எலும்பின் நுனியில் வழவழவென்று மூடியிருக்கும் குருத்தெலும்புக்கு அந்த வசதி இல்லை. அதற்குள் ரத்தக்குழாய் கிடையாது, நரம்பும் கிடையாது. உள்ளே இருக்கும் செல்கள் மிகக் குறைவு. ஒவ்வொன்றும் தன் சிறு அறைக்குள் அடைபட்டுக் கிடக்கும், நகர்ந்து போய் அடிபட்ட இடத்தை அடைக்க அவற்றால் முடியாது. மூட்டுக்குள் இருக்கும் வழவழப்பான நீரிலிருந்துதான் அவற்றுக்குச் சாப்பாடு. நடக்கும்போது குருத்தெலும்பு அமுங்கி விரிகிறது. பஞ்சை அமுக்கி விட்டால் தண்ணீரை இழுப்பதுபோல அந்த நீரை இழுத்துக்கொள்கிறது. வலிக்கிறது என்று முழுதாக முடங்கிப் படுத்தால் மூட்டு இன்னும் மோசமாவதற்கு இது ஒரு காரணம்.

அடுத்தது, உங்கள் அம்மாவின் நோயைத் தேய்மானம் என்று சொல்கிறோம், நானும் சொல்கிறேன், அந்தப் பெயரே நம்மைத் தவறாக யோசிக்க வைக்கிறது. செருப்பு தேய்ந்தால் அடியில் ஒரு துண்டு ஒட்டிவிடலாம் என்பதுபோல, தேய்ந்த இடத்தில் புதிதாக எதையாவது பூசிவிட்டால் சரியாகிவிடும் என்று தோன்றுகிறது. உண்மையில் அங்கே மூட்டு முழுவதுமே மாறியிருக்கிறது. குருத்தெலும்புக்கு அடியில் உள்ள எலும்பு இறுகிவிடுகிறது, ஓரங்களில் முள்போல எலும்பு வளர்கிறது, உள்சவ்வு வீங்கி நீர் சுரக்கிறது, நடுவே மெத்தைபோல இருக்கும் ஜவ்வு நைந்துபோகிறது, தொடைத் தசை இளைக்கிறது, பலருக்குக் கால் வில்லைப்போல வெளிப்பக்கம் வளைகிறது. வளைந்த காலில் எடை முழுவதும் உள்பக்கமாகவே இறங்கும். அந்த எடை அப்படியே இறங்கிக்கொண்டிருக்க, அங்கே புதுச் செல்லைக் கொண்டுபோய் விட்டால் அதுவும் அதே எடைக்குக் கீழேதான் நசுங்க வேண்டும்.

சரி, வயிற்றுக் கொழுப்பிலிருந்து எடுத்து ஊசியில் அடைப்பது என்ன? அதில் ஸ்டெம் செல் மட்டும் இருக்கும் என்று நினைக்காதீர்கள். ரத்தக்குழாய்ச் செல், ரத்தச் செல், நார்த்திசுச் செல் என்று பலவும் கலந்த கலவை அது. குருத்தெலும்பாக மாறக்கூடிய செல் அதில் ஒரு சிறு பங்கு. எலும்பு மஜ்ஜையில் எடுத்தால் இன்னும் குறைவு: பத்தாயிரம் செல்லில் ஒன்று இருந்தால் அதுவே அதிகம். ஆய்வுக்கூடத் தட்டில், சரியான சத்து கொடுத்து, சரியான சூழலில் வைத்தால் அவை குருத்தெலும்பு மாதிரி ஆவது உண்மைதான். கிளினிக் விளம்பரத்தில் காட்டும் படம் அங்கிருந்து வந்ததுதான். முழங்காலுக்குள் போனபின் அவற்றில் பெரும்பாலானவை அங்கே தங்குவதே இல்லை.

இந்தச் செல்களுக்கு 1991ல் 'மீசன்கைமல் ஸ்டெம் செல்' என்று பெயர் வைத்தவர் அமெரிக்க விஞ்ஞானி ஆர்னால்ட் காப்லான். உலகம் முழுவதும் கிளினிக்குகள் அந்தப் பெயரைப் பலகையில் எழுதிச் சம்பாதித்தன. அவரே 2017ல், பெயரை மாற்ற வேண்டிய நேரம் வந்துவிட்டது என்று கட்டுரை எழுதினார். இந்தச் செல்கள் உடம்புக்குள் போய்ப் புதுத் திசுவாக வளர்வதில்லை, சுற்றியிருக்கும் செல்களுக்குச் சில ரசாயனச் சைகைகளைக் கொடுக்கின்றன, அவ்வளவே. ஸ்டெம் செல் என்ற சொல் நோயாளிகளைத் தவறாக நம்பவைக்கிறது என்பது அவர் வாதம். தான் வைத்த பெயரைத் தானே திரும்ப எடுத்துக்கொள்ளச் சொன்ன அந்த மனிதர்மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு.

இவ்வளவு சொன்னதால், சொந்தச் செல் வைத்தியமே பொய் என்று சொல்கிறேன் என நினைத்துவிடாதீர்கள். என் கண்ணெதிரே மருத்துவத்தில் நடந்த நல்ல காரியங்களில் சில அதிலிருந்து வந்தவை. 1983ல் அமெரிக்காவில் உடம்பு முழுக்க 95 சதவீதத்துக்கு மேல் வெந்துபோன இரண்டு சிறுவர்களுக்கு, எரியாமல் மிஞ்சிய சின்னத் துண்டுத் தோலிலிருந்து செல்லை எடுத்து, தட்டில் தோலாகவே வளர்த்து, பாஸ்டன் மருத்துவர்கள் மேலே போர்த்தினார்கள், இருவரும் பிழைத்தார்கள். நம் நாட்டிலேயே ஹைதராபாத் எல்.வி. பிரசாத் கண் மருத்துவமனையில், சுண்ணாம்போ அமிலமோ பட்டுக் கருவிழி வெளுத்துப்போனவர்களுக்கு, நல்ல கண்ணின் ஓரத்திலிருந்து துளியளவு எடுத்து வளர்த்துப் பதிக்கிறார்கள். பத்து வருடத்தில் இப்படிச் செய்துகொண்ட 200 பேரைச் சராசரியாக மூன்று வருடம் பின்தொடர்ந்து 2011ல் அவர்கள் வெளியிட்ட கணக்கில் 71 சதவீதம் பேருக்குப் பலன் நின்றிருந்தது.

எலும்பிலும் உண்டு. கால் எலும்பு முறிந்து மாதக்கணக்கில் ஒட்டாமல் நின்ற 60 பேருக்கு, அவரவர் இடுப்பெலும்பு மஜ்ஜையை எடுத்து, செறிவாக்கி, முறிந்த இடத்திலேயே செலுத்தினார் பிரான்சின் பிலிப் எர்னிகூ. 53 பேருக்கு எலும்பு ஒட்டியது. 2005ல் வந்த அந்தக் கட்டுரையில் நான் மாணவர்களுக்குத் தவறாமல் காட்டும் பகுதி ஒன்று உண்டு: ஒட்டாதவர்களுக்குப் போன செல்லை எண்ணிப் பார்த்தார், மற்றவர்களைவிடக் குறைவாக இருந்தது. அவர் எண்ணிப் பார்த்திருக்கிறார், கவனியுங்கள். உங்கள் அம்மாவுக்குப் போடப்போகும் ஊசியில் எத்தனை செல், அதில் எத்தனை உயிரோடு இருக்கும் என்று அந்தக் கிளினிக்கில் கேட்டுப் பாருங்கள்.

குருத்தெலும்புக்கே நேரடியாக ஒரு முறையும் இருக்கிறது. ஸ்வீடனின் கோத்தன்பர்க்கில் 1987ல் தொடங்கி, 1994ல் 23 நோயாளிகளின் முடிவோடு உலகத்துக்குச் சொன்னார்கள். முழங்காலில் எடை படாத மூலையிலிருந்து குருத்தெலும்புத் துணுக்கு ஒன்றை எடுத்து, அதன் செல்களை ஆய்வுக்கூடத்தில் வாரக்கணக்கில் பெருக்கி, பழுதான குழிக்குள் வைத்து மூடுவது. இப்போது மும்பையிலும் செய்கிறோம். யாருக்கு? கால்பந்தில் அடிபட்ட இருபத்தைந்து வயதுப் பையனுக்கு. அவன் குருத்தெலும்பில் ஓரிடத்தில் மட்டும் குழி, சுற்றிலும் நல்ல கரை. உங்கள் குடும்பம் நெல்லைப் பக்கமாக இருந்தால் அம்மாவுக்கு இப்படிச் சொன்னால் புரியும்: நடவு முடிந்த வயலில் நாலு இடத்தில் நாற்று அழுகிப்போனால் அந்த நாலு இடத்தில் மறுநாற்று வைக்கலாம், வயல் முழுக்க உப்புப் பூத்துக் கிடந்தால் நாற்றை மேலே தூவிப் பிரயோஜனமில்லை. மூன்றாம் கிரேடு முழங்கால் அந்த இரண்டாவது வயல். அதனால்தான் இந்த முறையையும் அம்மாவுக்கு நான் சொல்ல மாட்டேன்.

அம்மாவுக்குச் சொல்லப்பட்டதைப் போன்ற ஊசியையே நேராகச் சோதித்தும் பார்த்துவிட்டார்கள். 2023ல் அமெரிக்காவில் முழங்கால் தேய்மானம் உள்ள 475 பேரின் முடிவு வெளியானது. சிலருக்குச் சொந்த எலும்பு மஜ்ஜைச் செறிவு, சிலருக்குச் சொந்தக் கொழுப்பிலிருந்து பிரித்த செல், சிலருக்குத் தொப்புள்கொடித் திசுச் செல், மற்றவர்களுக்கு நாம் வழக்கமாகப் போடும் மலிவான ஸ்டீராய்டு ஊசி. ஒரு வருடம் கழித்துப் பார்த்தால், வலியில் மூன்று செல் ஊசியில் எதுவும் ஸ்டீராய்டை மிஞ்சவில்லை. எம்ஆர்ஐ எடுத்துப் பார்த்ததில் குருத்தெலும்பு வளர்ந்ததற்கான அடையாளமும் இல்லை.

அப்படியானால் பக்கத்துச் சால் அக்காவுக்கு எப்படி நன்றானது என்று அம்மா கேட்பார். கேட்க வேண்டிய கேள்விதான். அதற்கு என் கதையையே சொல்ல வேண்டியிருக்கிறது.

பல வருடம் நான் பிஆர்பி ஊசி போட்டவன். நோயாளியின் கையிலிருந்து ரத்தம் எடுத்து, இயந்திரத்தில் சுழற்றி, தட்டணுக்கள் செறிந்த பகுதியை மட்டும் பிரித்து மூட்டில் செலுத்துவது. (அதை ஸ்டெம் செல் என்று விற்பவர்களும் இருக்கிறார்கள், அதில் ஸ்டெம் செல் இல்லை.) தட்டணுக்களில் காயம் ஆற்றும் புரதங்கள் இருக்கின்றன, ஆகவே மூட்டையும் ஆற்றும் என்று நம்பினேன். நோயாளிகள் திரும்பி வந்து கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னார்கள். அதைவிட வேறென்ன ஆதாரம் வேண்டும் என்றுதான் எனக்கும் தோன்றியது. 2021ல் ஆஸ்திரேலியாவிலிருந்து ஒரு ஆய்வு வந்தது. 288 பேர்; பாதிப் பேருக்கு பிஆர்பி, பாதிப் பேருக்கு வெறும் உப்புநீர், வாரம் ஒன்றாக மூன்று ஊசி. யாருக்கு எது என்று நோயாளிக்கும் தெரியாது, ஊசி போட்டவருக்கும் தெரியாது. ஒரு வருடத்தில் பத்துப் புள்ளி வலி அளவில் பிஆர்பி போட்டவர்களுக்கு 2.1 புள்ளி குறைந்தது. உப்புநீர் போட்டவர்களுக்கு 1.8 குறைந்தது.

அந்த 1.8ஐ நான் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். வெறும் உப்புநீருக்கு அவ்வளவு வலி குறைந்திருக்கிறது. ஊசி போட்ட டாக்டரின் அக்கறை, செலவழித்த பணத்தின் மேல் இருக்கும் நம்பிக்கை, அந்த வாரங்களில் எடுத்த ஓய்வு எல்லாம் சேர்ந்து வேலை செய்கின்றன. கூடவே இந்த நோயின் இயல்பும் இருக்கிறது. வலி ஏறி இறங்கும். உச்சத்தில் இருக்கும்போதுதான் மனிதர் டாக்டரிடம் ஓடுவார். எது செய்தாலும் அடுத்த மாதம் கொஞ்சம் இறங்கத்தான் செய்யும். அந்த அக்கா பொய் சொல்லவில்லை, அவருக்கு வலி குறைந்தது நிஜம். எதனால் குறைந்தது என்பதில்தான் கிளினிக் சொன்ன காரணம் நிற்கவில்லை. என் நோயாளிகளின் நன்றியிலும் ஒரு பங்கு அந்த உப்புநீரின் பங்குதான் என்று ஏற்றுக்கொள்ள எனக்குச் சில மாதம் ஆயிற்று. அதன்பிறகு மூன்றாம் கிரேடு முழங்காலுக்கு நான் பிஆர்பி போடுவதில்லை. ஆரம்ப நிலையில் யாராவது வந்து கேட்டால் இந்த இரண்டு எண்ணையும் காகிதத்தில் எழுதிக் காட்டுகிறேன், பிறகு அவர் முடிவு. இதில் டாக்டர்களுக்குள் இன்னும் கருத்து வேறுபாடு இருக்கிறது. லேசான தேய்மானத்தில் சிலருக்கு உதவுகிறது என்று சொல்லும் ஆய்வுகளும் உண்டு. அமெரிக்க மூட்டுநோய் மருத்துவர்களின் சங்கமோ 2019 வழிகாட்டுதலில் முழங்கால் தேய்மானத்துக்கு பிஆர்பி, ஸ்டெம் செல் இரண்டையுமே வேண்டாம் என்று அழுத்தமாகச் சொல்லிவிட்டது.

கெடுதல் என்ன வரும் என்று கேட்டீர்கள். பெரும்பாலானவர்களுக்குப் பெரிதாக எதுவும் வராது, நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். வயிற்றில் கன்றிப்போகும், முழங்கால் சில நாள் வீங்கும். ஆனால் உடம்பிலிருந்து வெளியே எடுத்து, கழுவி, நொதி சேர்த்து, பிரித்து, மறுபடி உள்ளே செலுத்தும் ஒவ்வொரு படியிலும் கிருமி புக வழி இருக்கிறது. அம்மாவுக்குச் சர்க்கரை வேறு. மூட்டுக்குள் சீழ் பிடித்தால் சில நாளில் இருக்கிற குருத்தெலும்பும் கரைந்துபோகும். வேறு உறுப்பில் நடந்தது ஒன்றையும் சொல்கிறேன்: ஃபுளோரிடாவில் ஒரு கிளினிக்கில் இதேபோலச் சொந்தக் கொழுப்புச் செல்லைக் கண்ணில் செலுத்திக்கொண்ட மூன்று பெண்களின் பார்வை போனது, 2017ல் மருத்துவ இதழில் பதிவானது. சொந்தச் செல்தான் அதுவும்.

நான் அதிகம் பார்க்கும் கெடுதல் வேறு மாதிரி. ஆண்டாப் ஹில்லில் தையல் வேலை செய்யும் பெரியவர் ஒருவர் இப்படி ஓரிடத்தில் பணம் கட்டினார். குருத்தெலும்பு வளர்ந்துகொண்டிருக்கிறது, பொறுங்கள் என்று சொல்லிச் சொல்லியே இரண்டு வருடம் ஓட்டினார்கள். அந்த இரண்டு வருடத்தில் அவர் ஒரு பயிற்சியும் செய்யவில்லை, யாரும் செய்யச் சொல்லவுமில்லை. என்னிடம் வரும்போது கால் நன்றாக வளைந்து, தொடை குச்சியாகியிருந்தது. ஆபரேஷனுக்கு வைத்திருந்த பணமும் கையில் இல்லை. அவர் கணக்கு நோட்டில் அந்தத் தொகையை எழுதி வைத்திருந்த பக்கத்தை எனக்குக் காட்டினார். உங்கள் கடிதத்தில் வளையல் என்று படித்ததும் எனக்கு அந்தப் பக்கம்தான் நினைவுக்கு வந்தது.

விதிமுறை என்ன சொல்கிறது என்பதும் உங்களுக்குத் தெரிய வேண்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டுதல் தெளிவாக இருக்கிறது: ரத்த நோய்களுக்கான மஜ்ஜை மாற்று போன்று ஏற்கப்பட்டவை தவிர, ஸ்டெம் செல் வைத்து வேறு எதைச் செய்தாலும் அது ஆராய்ச்சி, முறையான அனுமதியோடு, ஆய்வாகத்தான் செய்ய வேண்டும். ஆய்வில் சேரும் நோயாளியிடம் அதற்காகப் பணம் வாங்கக்கூடாது. ஆகவே அங்கே போனால் ஒரே ஒரு கேள்வி போதும்: "இது ஆய்வா, அனுமதி பெற்ற சிகிச்சையா?" ஆய்வு என்றால் இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டின் எண்ணைக் கேளுங்கள், அந்த எண்ணை இணையத்தில் யாரும் தேடிப் பார்க்கலாம், பிறகு 1,90,000 எதற்கு என்றும் கேளுங்கள். சிகிச்சை என்றால் மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரியின் அனுமதிக் கடிதத்தைக் காட்டச் சொல்லுங்கள். முழங்கால் தேய்மானத்துக்கு அப்படி அனுமதி பெற்ற செல் தயாரிப்பு ஒன்று இந்தியாவில் இருக்கிறது. பெங்களூருவில் தயாராகிறது, 2022ல் அனுமதி கிடைத்தது. ஆனால் அது வேறு மனிதர்கள் தானமாகக் கொடுத்த மஜ்ஜையிலிருந்து வளர்ப்பது. அதைக் காட்டி, "அரசாங்கமே அனுமதித்திருக்கிறது" என்று சொல்லிச் சொந்தக் கொழுப்பு ஊசியை விற்றால் ஏமாறாதீர்கள்.

இனி, செய்ய வேண்டியது. கடிதத்தின் இந்தப் பகுதியை அம்மாவுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டுங்கள்.

முதலில் அந்த எக்ஸ்ரே நின்றுகொண்டு எடுத்ததா, படுத்துக்கொண்டு எடுத்ததா என்று பாருங்கள். படுத்து எடுத்தால் எலும்புகளுக்கு நடுவே உள்ள இடைவெளி சரியாகத் தெரியாது. நின்று எடுத்த படம் இல்லாமல் கிரேடு பேசுவதில் அர்த்தமில்லை.

தொடைத் தசைதான் முழங்காலுக்கு முட்டுக்கொடுக்கும் தூண். பாயில் காலை நீட்டி உட்கார்ந்து, முழங்காலுக்கு அடியில் சுருட்டிய துண்டை வைத்து, அதைக் கீழ்நோக்கி அமுக்கி ஐந்து எண்ணும்வரை பிடித்து விட வேண்டும். கீழே உட்கார முடியாவிட்டால் கட்டிலில் செய்யட்டும். ஒவ்வொரு காலுக்கும் பத்து, காலை மாலை. ஒரு வாரம் போனதும் நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழுந்து உட்காருவது. முதலில் ஐந்து, பிறகு பத்து. உயரம் குறைந்த நாற்காலி வேண்டாம், மேலே ஒரு தலையணை போட்டுக்கொள்ளட்டும். செய்யும்போது கொஞ்சம் வலிக்கும். மறுநாள் காலைக்குள் அந்த வலி பழையபடி இறங்கிவிட்டால் சரியான அளவு. இறங்கவில்லையென்றால் எண்ணிக்கையைக் குறைக்க வேண்டும், நிறுத்தக்கூடாது. பலன் தெரிய ஆறிலிருந்து பன்னிரண்டு வாரம் ஆகும். ஊசி மாதிரி மறுநாளே தெரியாது என்பதால்தான் இதற்கு மதிப்பில்லாமல் போய்விட்டது. சயான் ஆஸ்பத்திரியிலும் பரேல் கேஇஎம்மிலும் பிசியோதெரபி பிரிவு இருக்கிறது. இரண்டு மூன்று முறை போய்க் கற்றுக்கொண்டு வந்தால் போதும், மீதி வீட்டில்.

எடை. 76 கிலோவிலிருந்து ஐந்து கிலோ இறக்க முடிந்தால், ஒவ்வொரு அடி வைக்கும்போதும் முழங்காலில் விழும் சுமை சுமார் இருபது கிலோ குறையும். ஒரு கிலோவுக்கு நான்கு கிலோ என்று அளந்து பார்த்திருக்கிறார்கள். இட்லி வியாபாரம் செய்பவரிடம் இட்லியைக் குறையுங்கள் என்று சொல்வது எனக்கே சங்கடமாக இருக்கிறது. விற்று மிஞ்சியதை வீணாக்க மனமில்லாமல் பத்து மணிக்குச் சாப்பிடும் பழக்கம் அந்தத் தொழிலில் எல்லார் வீட்டிலும் உண்டு. மிஞ்சியதை யாருக்காவது கொடுத்துவிட்டு, அம்மாவுக்கென்று தனியாக ஒரு தட்டு, கூடவே சுண்டலோ முட்டையோ. சர்க்கரையும் கட்டுப்படும். உங்களுக்கும் இதில் பங்கு உண்டு, சகோதரி. எடை கூடுதலான பெண்களில், பத்து வருடத்தில் ஐந்து கிலோ குறைத்தவர்களுக்கு முழங்கால் நோய் வரும் வாய்ப்பு பாதியாகக் குறைந்ததாக 1992ல் வெளியான அமெரிக்க ஆய்வு காட்டியது. அம்மாவுக்கு வந்தது மகளுக்கும் வரக்கூடிய நோய்.

வேலையை நிறுத்தச் சொல்ல மாட்டேன். முப்பது வருடம் தன் கையால் சம்பாதித்தவரை வீட்டில் உட்காரவைத்தால் முழங்காலைவிட மனசு முதலில் ஒடிந்துவிடும். வேலை செய்யும் உயரத்தை மாற்றுங்கள். கிரைண்டரும் அடுப்பும் தரையில் இருந்தால் இடுப்பளவு மேடைக்கு ஏறட்டும். மாவுப் பாத்திரத்தை ஒரே பெரிய குண்டானாக வைக்காமல் இரண்டு சின்னதாகப் பிரிக்கட்டும். தூக்குவதைத் தம்பியோ வேலைக்கு வரும் பையனோ செய்யட்டும். குந்தி உட்காரும் கழிப்பறைதான் முழங்காலுக்குப் பெரிய எதிரி. பொதுக் கழிப்பறைக்குத்தான் போக வேண்டிய நிலை என்றால், வீட்டில் வைத்துக்கொள்ளும் கமோடு நாற்காலி மருந்துக் கடைகளில் கிடைக்கிறது. அந்தச் செலவு வளையலைத் தொடாது. ஸ்டேஷன் பாலத்தில் ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது வலி அதிகமுள்ள கால் முதலில், கை கைப்பிடியில். வலி எந்தக் காலில் அதிகமோ அதற்கு எதிர்க் கையில் தடி. தடி பிடித்தால் கிழவியாகிவிட்டேன் என்று நினைப்பார்கள் என்று அம்மா சொல்வார். எல்லா அம்மாவும் சொல்கிறார்கள்.

வலிக்கு முதலில் டைக்ளோஃபெனாக் ஜெல், மூட்டைச் சுற்றித் தடவுவது. மாத்திரையாகச் சாப்பிடுவது சிறுநீரகத்துக்கும் வயிற்றுக்கும் ஆகாது. சர்க்கரை உள்ளவர் கடையில் கேட்டு வாங்கி விழுங்கவே கூடாது. மூட்டு வீங்கிச் சூடாகி எழுந்திருக்கவே முடியாத கட்டத்தில் ஸ்டீராய்டு ஊசி ஒரு முறை உதவும், சில நாள் சர்க்கரை ஏறும், பார்த்துக்கொள்ள வேண்டும். அதையே மூன்று மாதத்துக்கு ஒரு முறை என்று வழக்கமாக்கினால் குருத்தெலும்பு கூடுதலாகக் கரைகிறது என்று 2017ல் நிரூபித்திருக்கிறார்கள்.

இவ்வளவும் ஆறு மாதம் ஒழுங்காகச் செய்தும் ராத்திரித் தூக்கம் போகும் அளவுக்கு வலி நின்றால் ஆபரேஷனைப் பற்றிப் பேசலாம். "ஆபரேஷனே தேவைப்படாது" என்ற வாக்குறுதிதான் அம்மாவை இழுத்திருக்கிறது, அது எனக்குத் தெரிகிறது. மூட்டு மாற்றினால் பத்து வருடம்கூடத் தாங்காது என்ற பேச்சு நம் ஜனங்களிடம் இருக்கிறது. மாற்றிய முழங்கால்களில் பத்தில் எட்டு 25 வருடம் தாங்குகிறது என்று 2019ல் பல நாட்டுப் பதிவேடுகளைச் சேர்த்துக் கணக்கிட்டிருக்கிறார்கள். செயற்கை மூட்டின் விலைக்கு 2017 ஆகஸ்டில் மத்திய அரசு உச்சவரம்பு வைத்தது. மகாராஷ்டிர அரசின் மருத்துவக் காப்பீடான மகாத்மா ஜோதிராவ் புலே திட்டத்தில் அம்மாவுக்கு என்ன கிடைக்கும் என்று அரசு ஆஸ்பத்திரியில் அந்தத் திட்டத்தின் கவுண்டரில் ரேஷன் கார்டோடு போய்க் கேளுங்கள். வளையல் அதற்குத் தேவைப்பட்டால் அப்போது எடுத்துக்கொள்ளலாம். அதுவரை அம்மா கையிலேயே இருக்கட்டும்.

மாட்டுங்காவில் என் கிளினிக் மாலை ஐந்து மணிக்குத் திறக்கும். அம்மாவின் வேலை முடிந்து தூங்கி எழுந்த நேரமாக ஒரு நாள் கூட்டி வாருங்கள். எக்ஸ்ரேயும், சர்க்கரைக்குச் சாப்பிடும் மாத்திரை அட்டையும் கொண்டு வாருங்கள். அன்றைக்குப் புதுச் செருப்புப் போட்டு வர வேண்டாம் என்று சொல்லுங்கள். தினம் கடைக்குப் போட்டுப் போகும் பழைய செருப்புதான் வேண்டும். அடிப்பாகம் எந்தப் பக்கம் தேய்ந்திருக்கிறது என்று நான் பார்க்க வேண்டும்.